உம்மட தாள் எங்கை?

எங்கள் பள்ளி மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழுத் தம்பி மூன்று தரம் தொலைபேசி எடுத்துவிட்டார். "அண்ணை, பிக் மட்ச், ஹொஸ்டல் சாப்பாடு, எதையாவது எழுதுங்கோ" என்கிறார். அவற்றை எழுத ஆள் இருக்கிறது. நான் ஒரு ஃபூல்ஸ்காப் தாளைப் பற்றி எழுதுகிறேன்.

நாங்கள் 96ஆம் ஆண்டு உயர்தரக் கணிதப் பிரிவு. 1990இலிருந்து யாழ் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படிப்பு. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. எங்கள் பௌதிக மாஸ்டரும் அப்படித்தான். பெல் இல்லாத சைக்கிளில் இருமிக்கொண்டே வருவார். பெயரை எழுதினால் கோபிப்பார். எங்கள் வகுப்புக்கு இவ்வளவு போதும்.

1995 புரட்டாதியில் ஒருநாள் ஆளுக்கொரு தாள் தந்தார். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கில் என்னென்ன போடப் போகிறோமோ அதைப் பென்சிலால் எழுதிவரச் சொன்னார். எனக்கு அது ஐந்து நிமிட வேலை. மொறட்டுவை பொறியியல், பேராதனை பொறியியல், பிறகு மற்றவை. அப்பா எனக்குப் பத்து வயதிலேயே சொல்லித்தந்த வரிசை. எழுபதுகளின் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலில் அவருக்குக் கைநழுவிப் போன பொறியியல் அது. வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை, ஆனால் சோற்றுக்கோப்பைக்குப் பக்கத்தில் அதுவும் இருக்கும்.

மாஸ்டர் தாளைப் பார்த்தார். "இது கொப்பரின்ர தாள். உம்மட தாள் எங்கை?"

இன்னொரு தாள் தந்தார். அதிலும் அதையே எழுதினேன். வேறு எதுவும் வரவில்லை. மூன்றாவதைக் கேட்கப் போனபோது, கையிலிருந்த என் பௌதிகக் கொப்பியை வாங்கிப் பின்பக்கம் திருப்பினார். அங்கே எங்கள் வீட்டுக் கிணறு இருந்தது.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து எனக்கொரு பழக்கம். கப்பிக் கயிற்றில் முழத்துக்கொரு முடிச்சுப் போட்டு, காலையில் வாளி தண்ணீரில் முட்டும்வரை எண்ணுவேன். அதை எழுதி, கோட்டுவரைபாகவும் கீறி வைப்பேன். எங்கள் ஊரில் ஆறு என்று சொல்ல மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான். மிச்சமெல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிய மழை. உப்புத்தண்ணீருக்கு மேலே நல்லதண்ணீர் மிதந்துகொண்டு நிற்கிறது; அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயிருந்து உவர் ஏறும். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்லது, ஆழத்தில் உப்பு என்று கேட்ட நாளிலிருந்து எனக்கு இந்தப் பைத்தியம். அம்மா "கிணத்துக்குள்ள என்னடா பாக்கிறாய், போய்ப் படி" என்பார்.

மாஸ்டர் அந்தக் கோட்டுவரைபை என் விடைகள் எதையும் பார்க்காத அளவு நேரம் பார்த்தார். "மழை பெய்து எத்தினை நாளில ஏறுது?"

"மூண்டு நாள், சேர்."

"ஏன் மூண்டு?"

தெரியவில்லை. கொப்பியோடு மூன்றாவது தாளும் வந்தது. "ஆறுதலா எழுதும்" என்றார். ஆறுதல்தான் கிடைக்கவில்லை. ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்க, எங்கள் பக்கமான வலிகாமமே எழும்பிக் குடாநாட்டின் மற்றப் பக்கமான தென்மராட்சிக்கு நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் நெரிசலுக்குள் நின்று, குடையை மல்லாத்திப் பிடித்து மழைத்தண்ணீர் குடித்தோம். தாள் கொப்பிக்குள், கொப்பி வீட்டில். வீடு திரும்பியபோது இரண்டும் இல்லை.

1998இல் ரொறன்ரோ. கோப்பை கழுவினேன், பிறகு மாமா சொன்னபடி கணக்கியல் படித்தேன். வரிசை மாறியது, எழுதிய கை மட்டும் மாறவில்லை. 2000 மே மாதம் வானொலியில் வோக்கர்ட்டன் செய்தி. ஒன்ராறியோவில் ஒரு சின்ன ஊர். பெருமழைக்கு மாட்டெரு ஊர்க்கிணறொன்றுக்குள் கலந்து, குளோரினும் ஒழுங்காகப் பார்க்கப்படாமல், ஏழு பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் நான் எழுதியிருந்தது: மழை பெய்து எத்தனையாம் நாள்?

அன்றைக்கே வேலையை விட்டேன் என்று எழுதினால் கட்டுரை நன்றாக இருக்கும். விடவில்லை. வீட்டுக்கடன், இரண்டு பிள்ளைகள். 2009இல் கொம்பனி என்னை விட்டது. மனைவி, "இனி என்ன செய்ய விருப்பம்?" என்று கேட்டார். வாய் தானாகச் சொன்னது: "தண்ணி." மாலை வகுப்பு, பரீட்சை, பயிலுநர் அனுமதிப்பத்திரம். முப்பத்திரண்டு வயதில் இருபது வயதுப் பிள்ளைகளோடு குழாய் சுமந்தேன். சம்பளம் முந்தியதில் பாதி. அதை லேசாகச் சொல்லிவிட முடியாது. அந்த இரண்டு வருடமும் வீட்டில் சண்டைதான்.

இப்போது ஏரித்தண்ணீரைச் சுத்திகரிக்கும் நிலையமொன்றில் வேலை. எனக்குப் பிடித்தது ஜார் ரெஸ்ட். ஆறு கண்ணாடிக் குவளைகளில் கலங்கல் தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் படிகாரம் ஒவ்வோர் அளவு. முதலில் வேகமாகக் கலக்கவேண்டும், பிறகு மெதுவாக, பிறகு நிறுத்தவேண்டும். நிறுத்தியபின் பஞ்சு பஞ்சாகத் திரண்டு அடியில் இறங்கும். எங்கள் அப்பாச்சி தேத்தாங்கொட்டையைப் பானையில் உரைத்துவிட்டுச் செய்ததும் இதுதான். அவரும் பிறகு பானையை யாரையும் தொட விடமாட்டார்.

போன வருடம் மாஸ்டரோடு தொலைபேசியில் கதைத்தேன். இருமல் அப்படியே இருக்கிறது.

"அங்கை என்ன செய்யிறீர்?"

"தண்ணியில நிக்கிறன், சேர்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "தண்ணி எண்டால்? தெளிவாச் சொல்லும்."

சொன்னேன். சிரித்து, இருமி, பிறகு கேட்டார்: "உங்கட கிணத்தைக் கடைசியா எப்ப அளந்தனீர்?"

"2017இல, ஊருக்கு வரேக்க. ஆவணி மாசம். பதினொண்டரை முழம்."

"உப்பு?"

"நாக்கில விட்டுப் பாத்தன், சேர். இன்னும் இல்லை."