இரண்டாவது கிளினிக் கொப்பி

மார்ச் 4

ரிப்போர்ட் வந்துவிட்டது. 2018இல் என் மனைவிக்கு இடது மார்பில் வந்த புற்றுநோய், இப்போது வலது பக்கம். கண்டியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் கினிகத்தேனை வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவள்தான், "வீட்டுல தேங்கா இருக்கா?" என்றாள்.

மார்ச் 5

தூக்கமில்லை, எழுதிவிடுகிறேன். அவளுக்குக் கடைத்தெருச் சிங்களம்தான் தெரியும், டொக்டருக்கு "வலிக்குதா" அளவுக்குத் தமிழ். நடுவில் நான், ஹட்டன் டவுனில் ஓட்டோ ஓட்டிப் பழகிய சிங்களத்தோடு. போன தடவை நோய் வந்தபோது டொக்டர் பத்து நிமிடம் பேசினால் நான் மூன்று வரிதான் சொன்னேன். அக்குளில் 14 நெறிக்கட்டி எடுத்து அதில் 4இல் நோய் இருந்ததை "கொஞ்சம் இருந்துச்சாம், எடுத்துட்டாங்களாம்" என்று முடித்துவிட்டேன். மறுபடியும் வரலாம், எதுவும் தட்டுப்பட்டால் உடனே காட்டச் சொல்லுங்கள் என்றதை முழுசாக விழுங்கிவிட்டேன். அவள் பயப்படுவாள் என்று சொல்லிக்கொண்டேன். அந்த வரிசையில் அத்தனை பேர் முன்னால் அவள் அழுதால் நான் என்ன செய்வது என்கிற பயம்தான் பெரிது.

மார்ச் 12

கிளினிக். சிவனொளிபாத மலை சீசன், பஸ் நிறைய மலை இறங்கி வருகிறவர்கள், நாவலப்பிட்டி வரை நின்றோம். டொக்டர் கொப்பியைப் புரட்டிவிட்டு "பரண எக நெமெயி, அலுத் எகக்" என்றார். நான் வாய் திறக்குமுன்னே, "அலுத்னா புதுசுதானே? புதுவருசத்த அலுத் அவுருதுன்னு சொல்றாங்களே" என்றாள் இவள். "டொக்டர் சொல்றத அப்பிடியே சொல்லுங்க. கூட்டாம கொறைக்காம."

சொன்னேன். பழையது பரவவில்லை, இது தனியாக முளைத்தது, அதனால் ஹோமோன் பரிசோதனை எல்லாம் மறுபடி முதலிலிருந்து. போன தடவை ஏற்றிய சிவப்பு மருந்துக்கு ஆயுள் முழுக்க இவ்வளவுதான் என்று ஓர் அளவு உண்டு, தாண்டினால் இதயத்தைப் பிடிக்கும், அதனால் முதலில் எக்கோ எடுக்க வேண்டும்.

"அப்ப எந்தக் கையில ஊசி?" என்று கேட்டாள். எனக்குத் தோன்றவே இல்லை. நெறிக்கட்டி எடுத்த இடது கையில் ஊசி குத்தவோ பிரஷர் பார்க்கவோ விடமாட்டாள், அந்தக் கை வீங்கித்தான் கொழுந்து எடுப்பதையே விட்டாள். இப்போது வலதும் போனால்? டொக்டர் கொப்பியில் படம் வரைந்தார்: சாயம் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் நெறிக்கட்டியை மட்டும் எடுத்துப் பார்ப்பது, அது சுத்தமாக இருந்தால் மற்றதைத் தொடுவதில்லை. நான் சொல்லி முடிக்கும் முன்பே அவள் படத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டாள்.

மார்ச் 14

ஓட்டோ லீசிங் கட்டினேன். அத்தை வேப்பிலை அடிக்க வேண்டும் என்றார், சரி. பத்தியம் மட்டும் வேண்டாம் என்றேன், போன தடவை கறி மீனை நிறுத்தி ஆறு கிலோ இறங்கினாள்.

மார்ச் 20

ராத்திரி பழைய கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு விட்டதையெல்லாம் சொன்னேன். 14, 4, மறுபடி வரலாம் என்றது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தீபாவளிக்கே கட்டி கைக்குத் தட்டுச்சு. அதான் எடுத்துட்டாங்களே, இது வேற என்னமோன்னு பொங்கல் வரைக்கும் விட்டேன்."

வேறு எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 23

பேசுகிறாள், ஆனால் மகளிடம் மட்டும்.

மார்ச் 25

மகளின் பழைய கணக்குக் கொப்பியில் ஒரு தாள் கிழித்து என்னிடம் நீட்டினாள். நாளைக்குக் கேட்க வேண்டியது, அவள் கையெழுத்தில் ஐந்து. முடி எப்போது கொட்டும் என்பது முதலாவது. நான்காவதாக "எத்தனை வருசம் இருப்பேன்". "இதையும் கேக்கணும்," என்றாள்.

ஸ்டாண்டில் ஆள் இல்லாத நேரம், ஓட்டோவுக்குள் உட்கார்ந்து அதைச் சிங்களத்தில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். விடியப்புறம் முதல் பஸ்.