தோற்றவருக்குப் போட்ட ஓட்டு

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரமன்றத் தேர்தலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. 1941 முதல் அங்கே விகிதாசார முறைதான், அதாவது வாக்குகளின் பங்குக்கு ஏற்ப இடங்கள். ஒன்பது இடங்கள், வார்டு கிடையாது, நகரம் முழுக்க ஒரே தொகுதி. வாக்குச்சீட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 1, 2, 3 என்று வட்டங்கள் இருக்கும். முதல் விருப்பம் யார், அடுத்து யார் என்று நிரப்பிக்கொண்டே போகலாம்.

செல்லுபடியான வாக்குகளைப் பத்தால் வகுத்து ஒன்று கூட்டினால் அதுதான் கோட்டா, அதாவது ஜெயிக்கத் தேவையான வாக்கு. 20,000 வாக்கு என்றால் 2,001 வாங்கியவர் ஜெயித்துவிட்டார். அதற்கு மேல் அவருக்கு விழுந்தவை அடுத்த விருப்பத்துக்குப் போகும். அப்புறம் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளையும் அதேபோலப் பிரித்துக் கொடுப்பார்கள். தோற்றவருக்குப் போட்ட ஓட்டும் இன்னொருவரைத் தூக்கிவிடும்! எனக்குப் பிடித்த இடமே இதுதான். பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் சேர்ந்து நின்றால் போதும், மன்றத்தில் அவர்களுக்கும் ஓர் ஆள் உண்டு. 51 சதவீதம் பேர் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போக முடியாது.

1997-க்கு முன்பு இதையெல்லாம் கையால்தான் எண்ணினார்கள். ஒரு பெயரின் கட்டிலிருந்து இன்னொரு பெயரின் கட்டுக்கு ஒவ்வொரு சீட்டாக எடுத்து வைத்த அந்தப் பொறுமையை நினைத்தாலே சிலிர்க்கிறது.