கம்பெனி பேர்ல பெரிய எஸ்யூவி எடுக்கிறீங்களா? புக்கிங் ஃபார்ம்லயே பேரைப் பாருங்க

2025 செப்டம்பர்ல எங்க கம்பெனிக்கு ஸ்கார்பியோ-என் ஃபோர் பை ஃபோர் (நாலு சக்கரமும் இழுக்கிற) டீசல் புக் பண்ணோம். வண்டி அருமை, அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா அதை கம்பெனி பேர்ல ரோட்டுக்குக் கொண்டு வர்றதுக்குள்ள ஷோரூமும் பேங்கும் படுத்தின பாடு இருக்கே, இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது. ப்ரைவேட் லிமிடெட் நடத்துறவங்க, இல்ல என்னை மாதிரி அங்க அக்கவுண்ட்ஸ் பாக்கிறவங்க யாராவது இதைப் படிச்சுட்டு தப்பிச்சா சரி.

எதுக்கு இவ்ளோ பெரிய வண்டின்னு கேப்பீங்க. நாங்க திருநெல்வேலில இருந்து காத்தாடி, அதாவது கரண்ட் எடுக்கிற காத்தாலை, சர்வீஸ் பண்றோம். மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் காத்து சீசன், அப்போ மிஷினை நிறுத்தவே விடமாட்டாங்க, பெரிய வேலை எல்லாம் சீசன் முடிஞ்சு தான். சரியா அந்த நேரம் பாத்து வடகிழக்குப் பருவமழை வந்துரும். கயத்தாறு பக்கம் கரிசல் காட்டைப் பாத்தவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, ஒரு மழை பேஞ்சா போதும், மண்ணு டயர் பட்டன் இடுக்குல எல்லாம் அப்பி வீல் ஆர்ச் வரைக்கும் அடைச்சிரும், சக்கரம் சுத்தும், வண்டி நகராது. அதனால ஃபோர் பை ஃபோர் கண்டிப்பா வேணும்னு எங்க எம்டி சொல்லிட்டார். சஃபாரில அது கிடையாது, அதை முதல்லயே விட்டுட்டோம். ஃபார்ச்சூனர்ல இருக்கு, ஆனா அது விலைக்கு ஸ்கார்பியோவும் எடுத்து சைட்டுக்கு இன்னொரு சின்ன வண்டியும் பாத்துரலாம்.

ஒரு டிப் இங்கயே சொல்லிர்றேன். ஷோரூமுக்குப் போகும்போது நீங்க வழக்கமா ஏத்துற சாமானைக் கையோட கொண்டு போங்க. நாங்க போல்ட் முறுக்குற ஹைட்ராலிக் டார்க் பம்ப் பெட்டி, டவர் ஏற பெல்ட் பை, கயிறு எல்லாத்தையும் தூக்கிட்டுப் போய் டிக்கில வெச்சுப் பாத்தோம். மூணாவது சீட் நிமிந்து இருந்தா பம்ப் பெட்டி உள்ளயே போகல. மடக்கினா எல்லாம் உக்காந்துச்சு. அப்போ ஏழு சீட் வண்டின்னு வாங்கினாலும் நமக்கு அது டிரைவரோட சேத்து அஞ்சு பேர் வண்டி தான், எங்க டீமுக்கு அது போதும். சேல்ஸ் தம்பிக்கு முகம் சுருங்கிச்சு, சுருங்கட்டும், காசு நம்மளது.

இப்ப வயித்தெரிச்சலுக்கு வர்றேன். முதல் நாளே அந்தத் தம்பி சொன்னது, "கம்பெனி பேர்ல எடுத்தா ஜிஎஸ்டி முழுசா திரும்பி வந்துரும் சார்". தயவுசெஞ்சு நம்பாதீங்க. டிரைவரோட சேத்து 13 சீட் வரைக்கும் உள்ள வண்டிக்கு ஜிஎஸ்டி சட்டம் 17(5)ல இன்புட் கிரெடிட்டை, அதாவது வாங்கும்போது குடுத்த ஜிஎஸ்டியை நாம கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சுக்கிறதை, தடுத்து வெச்சிருக்கு. கார் விக்கிறவங்க, ஆள் ஏத்தி ஓட்டுற தொழில்காரங்க, டிரைவிங் ஸ்கூல், இவங்களுக்குத் தான் விலக்கு. அந்த வண்டியோட இன்சூரன்ஸ், சர்வீஸ் பில் ஜிஎஸ்டிக்கும் இதே கதை தான். தெரியாம எடுத்துட்டா பின்னாடி வட்டியோட திருப்பிக் கட்டணும். எடுக்க முடியாத ஜிஎஸ்டியை வண்டி விலையோட சேத்து தேய்மானம் (வருஷா வருஷம் விலைல ஒரு பங்கை வருமான வரிக் கணக்குல செலவா கழிக்கிறது) போடலாம், உங்களுக்குக் கிடைக்கிறது அது தான்.

அந்தத் தேய்மானத்துல தான் எங்களுக்கு அடி. செப்டம்பர் 22ல இருந்து பெரிய எஸ்யூவிக்கு ஜிஎஸ்டி, செஸ்ங்கிற கூடுதல் வரியோட சேத்து 50 சதவீதமா இருந்தது 40 ஆச்சு, அதனால அது வரைக்கும் காத்திருந்தோம். இன்னொரு பக்கம், அந்த நிதியாண்டுல 180 நாளாவது வண்டி ஓடியிருந்தா தான் முழு 15 சதவீதம், இல்லன்னா பாதி, 7.5 தான். கணக்குப் பண்ணா அக்டோபர் 3க்குள்ள வண்டி ஓடியாகணும், அதுலயும் 1ஆம் தேதி ஆயுத பூஜை, 2ஆம் தேதி காந்தி ஜெயந்தியும் விஜயதசமியும், ஆர்டிஓ லீவு. இதை எல்லாம் ஷோரூம்ல எழுதியே குடுத்திருந்தேன்.

பில் வந்துச்சு. பாத்தா எம்டி பேர்ல இருக்கு. புக்கிங் அப்போ கம்பெனி பான், ஜிஎஸ்டி சர்டிபிகேட் எல்லாம் குடுத்தும், ஓடிபி எம்டி போனுக்குப் போச்சுன்னு அவர் பேரையே சிஸ்டம்ல ஏத்திட்டாங்களாம். கேட்டா மேனேஜர் ரொம்ப சாதாரணமா "ஆர்டிஓல அப்புறம் பேர் மாத்திக்கலாம் சார், வண்டி உங்களது தானே"ன்னார். அப்படி மாத்தினா கம்பெனி ரெண்டாவது ஓனர் ஆகிரும், விக்கும்போது விலை போகாது. 10 லட்சத்துக்கு மேல உள்ள வண்டிக்குப் பிடிக்கிற 1 சதவீத டிசிஎஸ் (விக்கிறவங்க நம்மகிட்ட பிடிச்சுக் கட்டுற வருமான வரி) எம்டியோட பான்ல போய் உக்காரும். பில்லே கம்பெனி பேர்ல இல்லன்னா ஆடிட்டர் எதை வெச்சு தேய்மானம் போடுவார்? முடியாது, பில்லை கேன்சல் பண்ணி புதுசா போடுங்கன்னு அங்கயே உக்காந்துட்டேன். கேன்சல் பண்ணாங்க, ஆனா அந்த வண்டி வேற ஆளுக்குப் போயிருச்சு, அடுத்த லோடு வரட்டும்னுட்டாங்க. பண்டிகை நேரம், விலை குறைஞ்ச நேரம் வேற, கேக்கவா வேணும்.

இதுக்கு நடுவுல பேங்க். விலை குறைஞ்சதால லோன் தொகை மாறிச்சு, அதனால போர்டு ரெசல்யூஷன் (டைரக்டர்கள் போடுற தீர்மானம்) புதுசா வேணும்னாங்க, நியாயம் தான். ரெண்டாவது டைரக்டர் முப்பந்தல் சைட்ல இருந்தார், அங்கயே போய் பானட் மேல வெச்சுக் கையெழுத்து வாங்கிட்டு வந்து குடுத்தா, கவுண்டர்ல இருந்தவர் வட்ட சீல் இல்ல, எடுக்க முடியாதுன்னு தள்ளி விட்டார். 2015 திருத்தத்துக்கு அப்புறம் கம்பெனிக்கு காமன் சீல் கட்டாயமே இல்ல. சொன்னேன், காதுலயே வாங்கல. பிரிண்ட் எடுத்துட்டு நேரா மேனேஜர் ரூமுக்குப் போனேன், அவர் படிச்சுப் பாத்துட்டு அப்பவே வாங்கிக்கிட்டார். அன்னைக்கு எனக்கு நிம்மதியா சோறு இறங்கிச்சு.

ஆனாலும் நம்பர் வந்தது அக்டோபர் 3 தாண்டி தான். வண்டி விலை 25 லட்சம்னு வெச்சுக்கிட்டா தேய்மானக் கழிவு 3.75 லட்சத்துக்குப் பதிலா 1.875 லட்சம். மிச்சம் வர்ற வருஷங்கள்ல வரும்னாலும், 25 சதவீதம் வரி கட்டுற கம்பெனிக்கு அந்த வருஷம் மட்டும் கிட்டத்தட்ட 47,000 ரூபா கூடுதல் வரி, யாரோ ஒரு பேரை மாத்தி அடிச்சதுக்கு.

இன்சூரன்ஸ் கோட்டேஷனையும் வரிவரியா பாருங்க. ஓனர்-டிரைவர் விபத்து காப்பீடுன்னு ஒண்ணு சேத்து வெச்சிருந்தாங்க. கம்பெனிக்கு ஏது லைசென்ஸ்? கம்பெனி வண்டிக்கு அது பொருந்தாது, எடுக்கச் சொல்லிட்டு சம்பள டிரைவர் கவரும் பயணிகள் கவரும் போட்டோம். எம்டி தன் பழைய கார் நோ க்ளைம் போனஸை (க்ளைம் பண்ணாததுக்குக் கிடைக்கிற பிரீமியம் தள்ளுபடி) இதுக்கு மாத்தலாமான்னு கேட்டார், பேர் வேறங்கிறதால மாத்த முடியாது. ரோடு டாக்ஸ், வண்டி விலை 20 லட்சத்துக்கு மேல போனா நம்ம ஸ்டேட்ல 20 சதவீதம், 10ல இருந்து 20 வரைக்கும் 18, அதனால வேரியன்ட் எல்லைல நிக்குதுன்னா ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிங்க.

வண்டி வந்தாச்சுன்னு விட்டுராதீங்க, கம்பெனி லோன்னா 30 நாளைக்குள்ள சிஎச்ஜி-1 (வண்டி மேல பேங்குக்கு இருக்கிற உரிமையை கம்பெனி ரெஜிஸ்ட்ரார்கிட்ட பதியுற ஃபார்ம்) ஃபைல் பண்ணணும். பேங்க்ல "கார் லோனுக்கு எல்லாம் அது எதுக்கு"ன்னாங்க. அதுல பேங்க் ஆபீசரோட டிஜிட்டல் கையெழுத்தும் வேணும், அந்த ஆபீசர் லீவுல போயிருந்தார். அதனால லோன் பேப்பர்ல கையெழுத்துப் போடுற அன்னைக்கே அந்தக் கையெழுத்து யார்கிட்ட இருக்கு, அவர் எப்ப ஆபீஸ்ல இருப்பார்னு கேட்டு வெச்சிருங்க. எங்களுது கெடு முடியிற அன்னைக்கு சாயங்காலம் தான் ஏறிச்சு.