ஓட்டானியின் 70 கோடியைவிட சோட்டோவின் 76.5 கோடி எவ்வளவு பெரியது?

பேஸ்பால் வீரர் ஷோஹெய் ஓட்டானி 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியோடு போட்ட ஒப்பந்தம் 10 ஆண்டுக்கு 70 கோடி டாலர். ஓராண்டு கழித்து ஹுவான் சோட்டோ நியூயார்க் மெட்ஸிடம் வாங்கியது 15 ஆண்டுக்கு 76.5 கோடி. செய்திகளைப் படித்தவர்கள் ஆண்டுக் கணக்கில் வகுத்துப் பார்த்துவிட்டு, 7 கோடி வாங்குகிற ஓட்டானிதான் மேலே, 5.1 கோடி வாங்குகிற சோட்டோ கீழே என்று முடிவுகட்டினார்கள். அந்த வகுத்தல் தவறு.

ஓட்டானிக்கு விளையாடும் ஆண்டுகளில் கைக்கு வருவது ஆண்டுக்கு 20 லட்சம் டாலர்தான். மீதி 6.8 கோடி ஒவ்வொரு ஆண்டும் பத்தாண்டு தள்ளி, 2034 முதல் 2043 வரை, வட்டியே இல்லாமல் வரும். பேஸ்பால் நிர்வாகம் இதை நிகழ்கால மதிப்புக்கு, அதாவது பின்னால் வரும் பணம் இன்று எவ்வளவுக்குச் சமம் என்ற கணக்குக்கு, மாற்றியது. அப்போது பயன்படுத்திய விகிதம் 4.43%. பத்தாண்டுக்கு அந்த விகிதத்தில் கூட்டுவட்டி போட்டால் ஒரு டாலர் சுமார் 1.54 டாலர் ஆகும். 6.8 கோடியை அதால் வகுத்தால் 4.4 கோடி, அதோடு 20 லட்சம் சேர்த்தால் 4.6 கோடி. ஆக மொத்த ஒப்பந்தம் இன்றைய பணத்தில் சுமார் 46 கோடி. சோட்டோவின் ஒப்பந்தத்தில் தள்ளிவைத்த பணம் ஒரு காசும் இல்லை.

பிறகு ஏன் பணத்தைத் தள்ளிவைக்க வேண்டும்? டாட்ஜர்ஸ் பக்கத்துக் காரணம் சொகுசு வரி. ஐபிஎல்லில் இருப்பது போல அணிக்கு இவ்வளவுதான் என்ற பர்ஸ் இங்கே கிடையாது. ஒரு வரம்பு உண்டு, தாண்டினால் வரி. 2024இல் வரம்பு 23.7 கோடி. முதல் முறை தாண்டினால் மிகுதிக்கு 20%, தொடர்ந்து இரண்டாம் ஆண்டு 30%, மூன்றாம் ஆண்டிலிருந்து 50%. வரம்புக்கு மேல் 6 கோடியையும் கடந்த பகுதிக்கு இன்னும் 60% கூடுதல். டாட்ஜர்ஸ் அந்த உச்சத்தில்தான் இருக்கிறது, அதாவது கடைசி டாலருக்கு 110% வரி. கணக்கில் ஓட்டானி 7 கோடியாக இல்லாமல் 4.6 கோடியாக நின்றதால் 2.4 கோடி குறைகிறது. உச்ச விகிதத்தில் அதன் வரி மட்டுமே ஆண்டுக்கு 2.6 கோடிக்கு மேல்.

ஆனால் வரியில் மிச்சமாகிறது என்பதற்காக அந்தப் பணத்தை அணி வேறு எதிலாவது போட்டுச் சுழற்ற முடியாது. சம்பாதித்த சீசனுக்குப் பிறகு வரும் இரண்டாவது ஜூலை 1க்குள் தள்ளிவைத்த தொகையின் நிகழ்கால மதிப்பை முழுதாகத் தனியே ஒதுக்கிவிட வேண்டும் என்பது வீரர் சங்கத்தோடு போட்ட கூட்டு ஒப்பந்தத்தின் விதி. 2024 சீசனுக்கான ஏறக்குறைய 4.4 கோடிக்குக் கெடு 2026 ஜூலை 1. "20 லட்சத்துக்கு ஓட்டானியை வாங்கிவிட்டார்கள்" என்று புலம்புகிறவர்கள் இந்த விதியைப் பார்ப்பதே இல்லை.

தள்ளிவைக்கும் யோசனை ஓட்டானியுடையது என்று அவருடைய ஏஜெண்ட் நெஸ் பலேலோ தரப்பு சொன்னது. விளம்பர வருமானம் சம்பளத்தைவிடப் பல மடங்கு வருகிறவருக்கு இது தாங்கும். தவிர, கலிஃபோர்னியாவின் மாநில வருமான வரி 13.3% வரை போகிறது. 1996இல் வந்த ஒரு கூட்டரசுச் சட்டப்படி, பத்தாண்டுக்குக் குறையாமல் ஏறக்குறைய சமமான தவணைகளாக வரும் ஓய்வுக்காலத் தொகைக்குப் பழைய மாநிலம் வரி போட முடியாது. 2034இல் அவர் ஜப்பானிலோ ஃப்ளோரிடாவிலோ இருந்தால் கலிஃபோர்னியாவுக்குக் கிடைப்பது சொற்பம். அந்த மாநிலத்தின் நிதிக் கட்டுப்பாட்டாளர் மாலியா கோஹென் 2024 ஜனவரியில் இதை மாற்றும்படி அமெரிக்கக் காங்கிரஸைக் கேட்டதே இதனால்தான். (தள்ளிவைத்த பணம் என்றதும் எல்லாரும் மெட்ஸின் முன்னாள் வீரர் பாபி பொனியாவை இழுப்பார்கள். அவருக்கு மெட்ஸ் தர வேண்டியிருந்த 59 லட்சத்துக்கு 8% வட்டி ஒப்புக்கொண்டது, அதனால்தான் 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1க்கும் 11.9 லட்சம் போகிறது. வட்டியே இல்லாத ஓட்டானி கதை நேர் எதிர்.)

ஒரு ஷரத்து மட்டும் கூடுதல் கவனம் கேட்கிறது: உரிமையாளர் மார்க் வால்டரோ பேஸ்பால் பிரிவின் தலைவர் ஆண்ட்ரூ ஃப்ரீட்மனோ அணியைவிட்டுப் போனால் ஓட்டானி ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். பணத்தை இருபதாண்டு நம்பி விடுகிறவர் அணியை யார் நடத்துகிறார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டார்.

இந்த மேசைக்கு, அதாவது எந்த அணியோடும் பேரம் பேசக்கூடிய ஃப்ரீ ஏஜென்சிக்கு, வருவதற்கே ஆறு ஆண்டு சேவைக் காலம் வேண்டும். ஓர் ஆண்டு என்றால் மேஜர் லீக் பட்டியலில் 172 நாள். கிரிஸ் பிரயன்ட்டை சிகாகோ கப்ஸ் 2015இல் ஏப்ரல் பாதிவரை மைனர் லீக்கிலேயே வைத்திருந்து பிறகு கூப்பிட்டது. கணக்கு 171. ஒரே ஒரு நாள் குறைந்ததால் அவருடைய ஃப்ரீ ஏஜென்சி ஓராண்டு தள்ளிப்போனது, முறையீடும் தோற்றது.

பழைய அணிக்கும் ஒரு துருப்புச்சீட்டு உண்டு: குவாலிஃபையிங் ஆஃபர், அதாவது ஓராண்டுக்கு மட்டும் நீட்டும் ஒப்பந்தம். அதிகச் சம்பளம் வாங்கும் 125 பேரின் சராசரிதான் தொகை, 2023இல் 2.0325 கோடி. நட்சத்திரம் அதை மறுப்பார், எல்லாருக்கும் தெரியும். மறுத்தால் வாங்கும் அணிக்கு டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) அடி விழும். வரி கட்டும் அணி தன் இரண்டாவது, ஐந்தாவது உயர்ந்த தேர்வுகளையும் வெளிநாட்டு வீரர் நிதியில் 10 லட்சத்தையும் இழக்கும். இழந்த அணிக்கு ஒரு தேர்வு ஈடாகக் கிடைக்கும். அது இரண்டாம் சுற்றுக்குப் பிறகா, நான்காம் சுற்றுக்குப் பிறகா என்பது அந்த அணி வரி வரம்புக்குள் இருந்ததா என்பதைப் பொறுத்தது. ஓட்டானியின் பழைய அணியான ஏஞ்சல்ஸ் 2023 ஆகஸ்ட் கடைசியில் அரை டஜன் வீரர்களை ஒரே மூச்சில் வேவர்ஸில், அதாவது வேறு அணிகள் சம்பளத்தோடு எடுத்துக்கொள்ளும்படி, விட்டதற்கு இதுவும் ஒரு காரணம். மயிரிழையில் வரம்புக்குள் வந்து, இரண்டாம் சுற்றுக்குப் பிந்தைய தேர்வையே வாங்கிக்கொண்டது.

தொகை பேசி முடித்தாலும் மருத்துவப் பரிசோதனை பாக்கி. கார்லோஸ் கொரெயா 2022 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸோடு 13 ஆண்டுக்கு 35 கோடி பேசினார். 2014இல் காலில் தகடு வைத்த அறுவைச் சிகிச்சை கண்ணில்பட்டதும் அறிமுகக் கூட்டமே நின்றது. மெட்ஸ் 12 ஆண்டுக்கு 31.5 கோடி என்றது, அதன் மருத்துவர்களும் தயங்கினார்கள். கடைசியில் மினசோட்டா ட்வின்ஸிடம் உறுதியாகக் கிடைத்தது 6 ஆண்டுக்கு 20 கோடி. ஒரு மாதத்துக்குள் 15 கோடி காணாமல் போனது. நீண்ட ஒப்பந்தத்தில் மருத்துவர் பார்ப்பது இன்றைய காலை அல்ல, 38 வயதுக் காலை.

சோட்டோவிடம் வருவோம். 2022இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் நீட்டிய 15 ஆண்டு 44 கோடியை மறுத்தபோது அவருக்கு 23 வயது. பைத்தியக்காரத்தனம் என்றார்கள். ஏஜெண்ட் ஸ்காட் போராஸின் கணக்கு வயதில் இருந்தது: 26 வயதில் சந்தைக்கு வரும் பேட்ஸ்மேன் அபூர்வம், அவருடைய உச்ச ஆண்டுகள் இனிமேல்தான். நியூயார்க் யாங்கீஸ் அணி 16 ஆண்டுக்கு 76 கோடி வரை வந்தது. மெட்ஸ் ஓர் ஆண்டு குறைவாக, 50 லட்சம் அதிகமாக, கையெழுத்துப் போனஸாக மட்டும் 7.5 கோடி கொடுத்து முடித்தது.

அதில் நுணுக்கமானது விலகும் உரிமை. 2029 சீசன் முடிந்ததும் சோட்டோ வெளியேறலாம். மெட்ஸ் அதைத் தடுக்க விரும்பினால் மீதிப் பத்தாண்டுக்கும் ஆண்டுக்கு 40 லட்சம் கூட்ட வேண்டும், மொத்தம் 80.5 கோடியாகும். அப்போது அவருக்கு 31 வயது. ஐந்தாண்டும் அவர் வழக்கம்போல அடித்திருந்தால், மெட்ஸ் அந்த 4 கோடியை யோசிக்காமல் கொடுக்கும் என்பதே என் கணிப்பு.