முகாமுக்கு எதிர்த்தெரு: ஜூலை நாட்குறிப்பு

4 ஜூலை 2025, வெள்ளி

சுற்றுச்சுவரில் பட்டி பார்த்து உப்புத்தாள் தேய்க்கும் வேலை இன்று பாதியில் நின்றது. பெயின்டர் மதியம் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "நாளைக்குச் செக்கிங் இருக்கு ரீச்சர், வேலைக்கு வரேலாது" என்றார். இலங்கையின் மன்னாரிலிருந்து 1990-இல் எட்டு வயதுப் பையனாகப் படகேறி வந்தவர் அவர். மதுரை ஆனையூர் அகதி முகாமில் வாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்த பின்னும், என்னை 'ரீச்சர்' என்றுதான் அழைப்பார். இங்கேயே பிறந்த அவர் மகளுக்கு நான் 'டீச்சர்'.

செக்கிங் என்பது ஆள் கணக்கெடுப்பு. குடும்பத்தில் உள்ள அனைவரும் வருவாய்த் துறை அலுவலர் முன் வந்து நிற்க வேண்டும். உதவித்தொகை 2021-இல் உயர்த்தப்பட்டதிலிருந்து குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாயும், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாயும், 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 500 ரூபாயும் கிடைக்கின்றன. பெரியவர்களாக நால்வர் உள்ள அவர் வீட்டுக்கு 4,500 ரூபாய் வரும். நல்ல வேலை கிடைக்கும் ஒரு வாரத்தில் அவர் கையிலேயே அவ்வளவு புரளும். ஆனாலும் அவர் செக்கிங்கைத் தவறவிடுவதில்லை. பதிவேட்டிலிருந்து பெயர் விழுந்துவிட்டால், தான் இன்னார் என்று காட்ட அவரிடம் வேறொன்றும் மிஞ்சாது என்பதே காரணம்.

9 ஜூலை, புதன்

பக்கத்து வீட்டு மதினி மாலையில் வந்து, சுவரோரம் நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு செய்தி சொன்னார். அவர் மகன் பெயின்டரின் மகளைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறானாம். இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள்.

மதினி அந்தக் குடும்பத்தை வெறுப்பவரல்லர். பெருந்தொற்றுக் காலத்தில் பால் பாக்கெட்டும் காய்கறியும் வாங்கி முகாம் வாசலில் கொடுத்துவிட்டு வந்தவர். அந்த வீட்டிலிருந்து வரும் தேங்காய்ச் சம்பலுக்காக இட்லியைக் கூடுதலாக ஊற்றி வைப்பவர். அந்த வீட்டுப் பிட்டை முதன்முதலில் ருசி பார்த்துவிட்டு, "வந்தியம்மை சொக்கருக்குக் கொடுத்தது இப்படித்தான் இருந்திருக்கும்" என்று தெருவெல்லாம் சொன்னவரும் அவரே. ஆனால் பெண் எடுப்பது என்று வந்ததும், "நாளைக்குப் பொறக்குற பிள்ளைக்கு என்ன பேரு போடுவாங்க மதினி? அதுவும் அகதின்னு ஆயிருமா?" என்று கேட்டு அழுதார்.

நான் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

13 ஜூலை, ஞாயிறு

மூன்று நாட்களாகக் குடியுரிமைச் சட்டத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 26 ஜனவரி 1950 முதல் 30 ஜூன் 1987 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருப்பினும், பிறப்பால் குடிமகன் ஆகிறார். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்காக நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் தீர்ப்பளித்தது இந்த விதியைக் கொண்டுதான். அவர் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தபோது அவருக்கு வயது 38. 1 ஜூலை 1987 முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தாக வேண்டும். 3 டிசம்பர் 2004 முதல் பிறந்த பிள்ளைகளுக்கோ இன்னும் இறுக்கம்: தாய் தந்தையரில் ஒருவர் குடிமகனாக இருந்தாலும், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வகைக்குள் வந்துவிடக் கூடாது. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்குத் தந்த வழியில் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை.

பெயின்டரின் மகள் 2003-இல் இதே மதுரையில் பிறந்தவள். எந்த எல்லையையும் அவள் கடந்து வரவில்லை. எனினும் அவள் பெற்றோர் இருவருமே குடிமக்கள் அல்லர். நுழையாமலே இங்கிருப்பவளைச் சட்டம் எந்தப் பட்டியலில் வைக்கும்? மதினியின் கேள்வியைச் சாதிப் பேச்சென்றும் ஊர்க்காரத் திமிரென்றும் ஒதுக்கிவிட நினைத்த நான், அந்த அச்சத்தில் பாதி சட்டப் புத்தகத்திலேயே இருப்பதைக் கண்டு வெட்கப்பட்டேன்.

2021-இல் அரசு முகாம்களின் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. புதிய வீடுகள் கட்டும் திட்டமும் அறிவித்தது. நல்ல செயல். ஆனாலும் எங்கள் ஷேர் ஆட்டோக்காரர்கள் இன்னும் "அகதி முகாம் எறங்கு" என்றுதான் கூவுகிறார்கள்.

19 ஜூலை, சனி

நாற்பதாண்டுப் பழக்கமுள்ள தோழியின் பேரனுக்குக் காதுகுத்து. காலையில் மதுரையிலிருந்து ராமேசுவரம் பாசஞ்சரில் ஏறினேன். பரமக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி தாண்டியதும் 'மண்டபம் முகாம்' என்ற பெயர்ப்பலகை வந்தது. ஒரு ரயில் நிலையத்துக்கே முகாம் என்று பெயர் வைத்திருக்கிற இடம் அது. வெள்ளையர் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைத்த இடம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி திருப்பி அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்கள் வந்திறங்கிய இடம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் படகில் வந்தவர்களைப் பதிந்துகொண்ட இடம். போனவர்களும் வந்தவர்களும் அதே வேலியைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

கடலோர ஊர் ஒன்றின் பள்ளியில்தான் என் முதல் பணி. அங்கே மக்கள் முதலில் எப்படி இருந்தார்கள் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கரையில் இறங்கியவர்களுக்கு மீனவப் பெண்கள் கஞ்சி கொடுத்தார்கள், மாற்றுச் சேலை கொடுத்தார்கள், திண்ணையில் படுக்க இடம் கொடுத்தார்கள். 21 மே 1991 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின் அதே தெருக்களில் கதவுகள் சாத்தப்பட்டன. கல்லூரிகளில் அகதி மாணவர்களுக்கு இருந்த சேர்க்கைச் சலுகை நின்று, சில ஆண்டுகள் கழித்தே மீண்டும் வந்தது.

அந்த ஜூன் மாதம் ஒரு தாய் தன் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தார். சேர்க்கைப் பதிவேடு என் கையில் இருந்தது, இடங்களும் இருந்தன. மேலிடத்தில் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். எழுத்தில் ஓர் ஆணையும் இல்லை. நான் நிமிர்ந்து பார்க்காமல், "இந்த வருஷம் இடமில்லம்மா" என்றேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. "சரி ரீச்சர்" என்று சொல்லி, பிள்ளையின் தோளைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு போனார். அந்தச் சிறுமி நீல ரிப்பன் கட்டியிருந்தாள். இன்றும் அந்தப் பள்ளிச் சுவரைக் கடந்துதான் விருந்துக்குப் போனேன்.

20 ஜூலை, ஞாயிறு

காலையில் தோழியின் கணவரோடு கரைக்குப் போனேன். விசைப்படகுக்காரர்கள் சிலர் அமர்ந்து வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரின் தம்பி இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு அங்கே சிறையில் இருக்கிறார், படகும் போயிற்று. அவர் பேசிக்கொண்டிருந்த இடத்தில் முகாமைச் சேர்ந்த ஒரு பெரியவர் கருவாட்டுக்கு மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தார். பெரியவரின் அண்ணன் மகன் மன்னார்ப் பக்கம் சிறுதொழில் செய்யும் மீனவர். இங்கிருந்து போகும் விசைப்படகுகள் கடலடியில் இழுத்துச் செல்லும் இழுவைமடி அவர் வலையை இரண்டு முறை அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். இலங்கையில் இழுவைமடியை 2017-இல் சட்டம் போட்டே தடுத்தார்கள். இந்தப் பேச்சு சண்டையில் முடியும் என்று நான் அஞ்சினேன். விசைப்படகுக்காரர் சற்று நேரம் ஊசியை வைத்துவிட்டு யோசித்து, "எங்க முதலாளி மடி போடச் சொன்னா நாங்க போடத்தான செய்யணும் அண்ணே" என்றார். பெரியவர், "ஓம், உங்களுக்கும் வயிறு இருக்குத்தானே. ஆனா அவன்ர வலை கடன்ல வாங்கினது" என்றார். பிறகு நூறு ரூபாய் குறைத்து மீனை நிறுத்துக் கொடுத்தார்கள்.

ஒருவருக்கொருவர் இரக்கம் காட்டுவதைவிட இப்படிக் கணக்கை முகத்துக்கு நேரே சொல்லிக்கொள்வது மேலான உறவென்று எனக்குப் பட்டது. எங்கள் தெருவில் நாங்கள் சம்பல் வாங்கித் தின்றோம். ஒருநாளும் இப்படிப் பேசியதில்லை.

22 ஜூலை, செவ்வாய்

பிரைமர் அடித்தாகிவிட்டது. தேநீர் நேரத்தில் பெயின்டரிடம் 1991-இல் நான் செய்ததைச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கும் ஒரு வருஷம் போச்சு ரீச்சர். பிறகு எங்கட முகாமுக்குள்ளேயே ஒரு அக்கா ஓலைக் கொட்டிலில வச்சுச் சொல்லித் தந்தவா. அதாலதான் மகளை விடாமப் படிப்பிச்சனான்" என்றார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மதினியின் கேள்வியை மட்டும் அவரிடம் எடுத்துச் சொன்னேன். "அது நியாயமான கேள்விதானே. நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டு திரியிறன்" என்றார்.

24 ஜூலை, வியாழன், ஆடி அமாவாசை

ராமேசுவரத்துக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போகும் கூட்டம் நேற்றிரவிலிருந்தே பேருந்துகளை நிறைத்திருந்தது. மதினி தன் மாமனாருக்கு வீட்டிலேயே படையலிட்டார். பிற்பகல் வாழையிலையில் வடையும் பாயசமும் மூடி எடுத்துக்கொண்டு, வழக்கம்போல் முகாம் வாசலில் கொடுத்துவிட்டு வராமல், முதன்முறையாக அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறார். அங்கே பெண்ணின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, மகனின் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார்.

ஆடியில் பேச்சுவார்த்தை கூடாது என்று அவர் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒத்தக்கடையில் ஒரு வழக்கறிஞரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறோம். மதினியும் பெயின்டரும் நானும் போகிறோம். அன்று செக்கிங் இல்லை என்று அவர் முகாமில் கேட்டு உறுதி செய்துகொண்டார்.