மண்ணெண்ணெய்க் காலத்திலேயே நின்ற மொரிஸ் மைனர்

எங்கள் வீட்டு மொரிஸ் மைனர் 1000, 948 சிசி எஞ்சின். யாழ்ப்பாண ரவுனுக்குள் லீற்றருக்கு 9 கிலோமீற்றர்கூட ஓடாது, கண்டி வீதியில் விட்டால் 10ஐத் தட்டும். நல்ல நிலையில் உள்ள மைனர் திறந்த வீதியில் கலனுக்கு 35 மைலுக்குக் குறையாமல் ஓட வேண்டும். பிரித்தானியக் கலன் 4.546 லீற்றர் என்பதால், கணக்குப் பார்த்தால் லீற்றருக்கு 12 கிலோமீற்றருக்கு மேல். 2022 ஜூனில் ஒக்ரேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாயானபோதும், பிறகு எரிபொருள் பங்கீட்டுக் கியூஆரைக் காட்டி வாரக் கணக்கில் அளந்து வாங்கியபோதும் இந்தக் கார் கொட்டிலை விட்டு வெளிக்கிடவே இல்லை. அதை மறுபடி நாளாந்தம் ஓடும் காராக்க வேண்டும் என்ற ஆசையில் தொடங்கிய வேலை இது.

முதலில் அளவு. எப்போதும் ஒரே பெற்றோல் செட், ஒரே பம்பு, தாங்கியின் வாய் தெரியும்வரை நிரப்புவது, அடுத்த முறை அதே மட்டத்துக்கு நிரப்பிக் கணக்கெடுப்பது. மைல் மீற்றரை அப்படியே நம்பக் கூடாது. பழைய ரயர் அளவு மாறி ரேடியல் போட்டிருப்பதால் சில்லின் சுற்றளவே வேறு. கண்டி வீதியில் கிலோமீற்றர் கற்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் என் மீற்றர் நூற்றுக்கு நான்கு கூட்டிக் காட்டியது. அதைக் கழித்தேன். இன்னொரு விதியும் வைத்துக்கொண்டேன்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, அளந்து முடிந்த பிறகுதான் அடுத்ததில் கை வைப்பது.

பிளக்கைக் கழற்றினால் நாலும் கரிக்கட்டை. எரியாத எரிபொருள்தான் கரியாகப் படிகிறது என்று தெரிந்தது, ஏன் என்று தெரியவில்லை. கொக்குவில் பக்கம் அறுபது வருடம் ஒஸ்ரினும் மொரிஸுமாகவே வேலை செய்த ஐயா ஒருவரிடம் கொண்டுபோனேன். பொனற்றைத் திறந்து, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ரிபியூட்டரைக் குனிந்து பார்த்தார். அதன் பக்கத்தில் விரலால் திருகக்கூடிய சிறிய நட் ஒன்று உண்டு. ஒரு பக்கம் 'ஏ', மறுபக்கம் 'ஆர்' என்று பொறித்திருக்கும். ரைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, முன்னே தள்ள 'ஏ', பின்னே இழுக்க 'ஆர்'. அது 'ஆர்' பக்கம் கடைசிவரை திருகி, மேலே எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் இறுகிப்போய் நின்றது.

"தம்பி, இது இன்னும் மண்ணெண்ணெயிலைதான் நிக்குது. ஆரும் திருப்பி வைக்கேல்லை" என்றார்.

தொண்ணூறுகளைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1990க்குப் பிறகு போர்க்காலத் தடையால் குடாநாட்டுக்குள் பெற்றோல் வராது. சின்னப் போத்தலில் இருந்து கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றர் வாயில் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு, ரைமிங் சரியாக இருந்தால் எஞ்சின் தட்டும். அதனால் பொறியைப் பிந்தி விழ வைப்பார்கள். பெற்றோலுக்கு அதே இடத்தில் விட்டால் எரிதல் பிந்தி நடந்து, வெப்பத்தில் கூடுதலான பங்கு வேலை செய்யாமல் சைலன்சர் வழியே போய்விடும். அன்று அது எத்தனை குடும்பங்களை ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் கொண்டுசேர்த்த கெட்டித்தனம்! பெற்றோல் திரும்பி வந்த பிறகும் அப்படியே விட்டதுதான் நட்டம்.

டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பொயின்ற் முனைகளின் இடைவெளியைப் பதினைந்து தவுக்கு, அதாவது 0.38 மில்லிமீற்றருக்கு வைத்தோம். பிறகு 12 வோல்ற் பல்ப் ஒன்றை டிஸ்ரிபியூட்டர் முனைக்கும் பொடிக்கும் நடுவே பிடித்து, கிராங்க் புல்லிக் குறி வரும் இடத்தில் பல்ப் பற்றுமாறு டிஸ்ரிபியூட்டரைத் திருப்பினோம். எஞ்சினின் உறிஞ்சலை டிஸ்ரிபியூட்டருக்குக் கொண்டுவரும் வக்குவம் குழாயின் நுனியை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைக்கச் சொன்னார். உள்ளே தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லை, டயபிரம் கிழிந்திருந்தது. மெல்லிய மிதியில் சீராக ஓடும்போது ரைமிங்கை முன்னே தள்ளுவது இந்தத் தட்டுத்தான், ஆகவே எரிபொருள் மிச்சத்தில் அதற்குப் பெரிய பங்கு. பழைய சாமான் கடையொன்றில் நல்லது கிடைத்தது. ரைமிங்கை மாற்றியதும் கண்டி வீதியில் 11ஐத் தாண்டியது, வக்குவம் மாற்றியதும் இன்னும் அரைக் கிலோமீற்றர் கூடியது. நான் நம்பாமல் திரும்ப ஒருமுறை அளந்தேன், அதுவேதான்.

அடுத்தது எஸ்யு காபரேற்றர். இதில் சோக்கை இழுத்தால், பெற்றோல் வரும் துளையான ஜெற் கீழே இறங்கிப் பெற்றோல் கூடும், அவ்வளவுதான். என் காரில் கேபிள் இறுக்கமாக இருந்ததால், சோக்கைத் தள்ளிய பிறகும் ஜெற் முழுதாக மேலே வரவில்லை. நாள் முழுக்கச் சோக்கோடு ஓடியது போல. கேபிளுக்குக் கொஞ்சம் தளர்வு கொடுத்துவிட்டு, ஜெற் நட்டை ஆறில் ஒரு சுற்றாக மேலே ஏற்றினேன். சூடான எஞ்சினில் காபரேற்றருக்குள் இருக்கும் பிஸ்ரனைக் கீழிருக்கும் சிறு முளையால் ஒரு மில்லிமீற்றருக்குள் தூக்கிப் பார்க்க வேண்டும். சத்தம் ஏறி அங்கேயே நின்றால் பெற்றோல் கூடிவிட்டது. உடனே விழுந்து நின்றுபோகப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் ஏறிப் பழைய இடத்துக்கு வந்தால் சரி. இப்போது பிளக்கின் நிறம் பால்தேத்தண்ணி போல.

இதற்கு மேலும் இறுக்கினால் இன்னும் கொஞ்சம் ஓடும் என்று ஆசை வரும். செய்யாதீர்கள். 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்ற பிறகு இந்தப் பழைய வார்ப்பிரும்பு ஹெட்களில் எக்ஸோஸ்ற் வால்வின் இருக்கைக்குப் பாதுகாப்பு இல்லை. பெற்றோல் குறைந்து கலவை மெலிந்தால் வால்வு கொதித்து எரியும். மிச்சம் பிடித்த பெற்றோல் காசு ஹெட் வேலைக்குப் போய்விடும்.

தெர்மோஸ்ராற்றைப் பற்றிச் சண்டை பிடிக்கவும் தயார். "எங்கடை வெயிலுக்கு இது எதுக்கு" என்று நம் ஊரில் கழற்றி எறிந்துவிடுவார்கள். என் காரிலும் இல்லை. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராவிட்டால் பெற்றோல் நன்றாக ஆவியாகாது, எண்ணெயும் தடிப்பாகவே நிற்கும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்வரும் தூரம் முழுக்கக் குளிர் எஞ்சினில்தான் ஓடிக்கொண்டிருந்தேன். 82 பாகை தெர்மோஸ்ராற் போட்டதில் ரவுன் கணக்குத்தான் கூடியது. றேடியேற்றர் சுத்தமாக இருந்தால் ஆனி, ஆடி வெயிலிலும் கொதிக்காது.

பிரேக் சுருக்கமாக: கடல் காற்றில் ஹான்ட்பிரேக் கேபிள் துருவேறி, பின் சில்லு இரண்டும் பிடித்தபடி இருந்தன. ஜக்கில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தால் தெரியும். ரயருக்குக் காலையில், ஓட முதல் காற்றுப் பார்க்க வேண்டும். எரிபொருள் மிச்சம் பிடிக்கும் என்று விற்கும் காந்தம், மாத்திரை எதுவும் வாங்க வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படியான நூற்றுக்கும் மேற்பட்ட சாமான்களைச் சோதித்து, மிகப் பெரும்பாலானவற்றில் பயன் இல்லை என்றுதான் கண்டது.

மேடு பள்ளம் இல்லாத நம் ஊரில் எஞ்சினுக்கு எதிரி காற்று. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்கு. மணிக்கு 40 மைலில் போவதற்கும் 50இல் போவதற்கும் வித்தியாசம் தாங்கியில் தெரிகிறது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஆனையிறவு தாண்டிக் கிளிநொச்சி போகும்போது ஒரு கணக்கு, வரும்போது வேறு கணக்கு. அதனால் ஒரு பக்க ஓட்டத்தை வைத்து எதையும் சொல்வதில்லை, போய்வந்த சராசரிதான்.

இப்போது அந்தச் சராசரி 40 மைல் வேகத்தில் 13, ரவுனுக்குள் 11. ஜெற்றுக்குள் ஏறி இறங்கும் காபரேற்றர் ஊசியில் ஒரு பக்கம் தேய்ந்த பளபளப்பு இருக்கிறது. ஜெற்றும் முட்டை வடிவாகியிருக்கும் என்கிறார் ஐயா. இரண்டையும் கொழும்பில் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் மாற்றி, வாடை தொடங்க முதல் கிளிநொச்சிவரை ஓடி அளக்க வேண்டும்.