112 எப்படிச் சேர்கிறது?

2022 நவம்பர் 19ஆம் தேதி இரவு பினாங்கின் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் ஒட்டுக்கடைகளில் உட்கார்ந்து மலேசியப் பொதுத் தேர்தல் முடிவு பார்த்தவர்களுக்கு ஒரே கேள்விதான்: யார் ஜெயிச்சா? அன்று இரவு அதற்கு விடை இல்லை. மக்களவையில் 222 இடங்கள், ஆட்சிக்கு 112 வேண்டும், எந்த அணியும் அந்த எண்ணைத் தொடவில்லை. 24ஆம் தேதி மாலைதான் அன்வார் இப்ராஹிம் பிரதமராகப் பதவியேற்றார். இடையில் நடந்ததை "எல்லாம் பேரம்" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நம்மவர்களிடம் வழக்கமாகிவிட்டது. பேரம் நடந்தது உண்மைதான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கூட்டல் கணக்கும் அரசியலமைப்பில் எழுதிய விதிகளும் இருக்கின்றன. அவை தெரியாமல் அடுத்த தேர்தலுக்குப் போனால் மேடையில் சொல்வதை அப்படியே நம்பிவிட்டு வர வேண்டியதுதான். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. இறுதி நிலவரப்படி அன்வாரின் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணிக்கு 81, அதோடு சேர்ந்து நின்ற மூடா கட்சிக்கு 1. முகைதீன் யாசின் தலைமையிலான பெரிக்காத்தான் நேஷனலுக்கு 74, அம்னோ தலைமையிலான பாரிசானுக்கு 30. சரவாக்கின் ஜி.பி.எஸ். கூட்டணி 23, சபாவின் ஜி.ஆர்.எஸ். கூட்டணி 6, சபாவின் இன்னொரு கட்சியான வாரிசான் 3, சிறிய கட்சிகளான கே.டி.எம்., பி.பி.எம். தலா 1, சுயேச்சைகள் 2. தேர்தல் இரவில் இந்தப் பட்டியல் முழுமையாக இல்லை. மோசமான வானிலையால் சரவாக்கின் பாராமில் வாக்களிப்பு 21ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. வேட்பாளர் ஒருவர் காலமானதால் கெடாவின் பாடாங் செராயில் டிசம்பர் 7ஆம் தேதிதான் வாக்களிப்பு.

இப்போது கூட்டிப் பாருங்கள். பெரிக்காத்தானோடு ஜி.பி.எஸ்., ஜி.ஆர்.எஸ். சேர்ந்தால் 103. சிறிய கட்சிகள், சுயேச்சைகள், வாரிசான் எல்லாரையும் இழுத்துப் போட்டாலும் 110. இரண்டு குறைகிறது. அதாவது பாரிசான் பக்கமிருந்து ஆள் வராமல் முகைதீன் யாசின் ஆட்சி அமைக்க வழியே கிடையாது. மறுபக்கம் பக்காத்தான், மூடா, பாரிசான் மூன்றும் சேர்ந்தால் சரியாக 112. ஒருவர் முரண்டு பிடித்தாலும் கவிழும். பாரிசான் இல்லாமல் பக்காத்தான் பிழைக்க வேண்டுமென்றால் ஜி.பி.எஸ்., ஜி.ஆர்.எஸ்., வாரிசான் மூன்றும் வேண்டும், அப்போது 114. ஆனால் ஜி.பி.எஸ். முதலில் கை நீட்டியதோ பெரிக்காத்தான் பக்கம். 30 இடத்தோடு படுதோல்வி கண்ட பாரிசான் எப்படி இவ்வளவு பெரிய விலை பேசியது என்று கேட்பவர்களுக்கு இந்த நான்கு கூட்டல்களே பதில்.

தீபகற்பத்தில் 165 தொகுதிகள், சபா, சரவாக், லாபுவானில் 57. தீபகற்பம் இரண்டாகப் பிளந்தால் தென்சீனக் கடலுக்கு அந்தப்பக்கம்தான் தராசு சாயும். இங்கே பினாங்கின் 13 தொகுதிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஆட்சி எங்கே தீர்மானமாகிறது என்பது கண்ணில் படாது.

அடுத்து விதி. அரசியலமைப்பின் 43ஆவது விதி, மக்களவை உறுப்பினர்களில் பெரும்பான்மையினரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று மாமன்னர் கருதும் ஓர் உறுப்பினரைப் பிரதமராக நியமிக்கச் சொல்கிறது. அதிக இடம் வென்ற கட்சிக்கு முதல் அழைப்பு என்று அதில் இல்லை. "கூடுதல் சீட் எங்களுக்குத்தான், எங்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும்" என்று சொல்வது அரசியல் வாதம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

பெரும்பான்மையை எப்படி அறிவது என்பதற்கும் நிலையான முறை கிடையாது. 2020 பிப்ரவரியில் பிரதமர் மகாதீர் விலகியபோது மாமன்னர் உறுப்பினர்களை ஒவ்வொருவராக அரண்மனைக்கு அழைத்துக் கேட்டார். 2022இல் கட்சித் தலைவர்களிடம் பெயர் கேட்டார். முதல் கெடு 21ஆம் தேதி பிற்பகல் 2 மணி. அது ஒரு நாள் நீட்டிக்கப்பட்டது. 22ஆம் தேதி அன்வார், முகைதீன் இருவரையும் அழைத்து ஒற்றுமை அரசாங்கம் அமைக்கும் யோசனையை முன்வைத்தார், முகைதீன் மறுத்துவிட்டார். 24ஆம் தேதி அம்னோ உச்சமன்றம் பெரிக்காத்தான் தலைமை தாங்காத ஒற்றுமை அரசாங்கத்துக்குச் சம்மதித்தது. அன்றே மலாய் ஆட்சியாளர்களின் சிறப்புக் கூட்டம் நடந்தது, மாலை 5 மணிக்குப் பதவியேற்பு.

இந்த நாள்களில் அடிக்கடி காதில் விழும் சொல் "எஸ்.டி.", அதாவது சத்தியப் பிரமாணப் பத்திரம். உறுப்பினர் ஒருவர் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் "இன்னாரைப் பிரதமராக ஆதரிக்கிறேன்" என்று கையெழுத்திட்டுக் கொடுப்பது. முகைதீன் தம்மிடம் 115 பேருடைய பத்திரம் இருப்பதாகச் சொன்னார், ஆனாலும் பிரதமராகவில்லை. ஏன்? ஒருவர் இன்று ஒரு பக்கம் கையெழுத்திட்டு நாளை இன்னொரு பக்கமும் கையெழுத்திடலாம், கட்சி மேலிடம் தடுத்தால் பின்வாங்கலாம். பத்திரத்துக்கென்று அரசியலமைப்பில் தனி இடம் எதுவும் இல்லை. மாமன்னர் எடைபோடும் பல சான்றுகளில் அதுவும் ஒன்று, அவ்வளவே. ஆகவே "என்னிடம் எண்ணிக்கை இருக்கிறது" என்று எந்தத் தலைவர் சொன்னாலும், அந்த உறுப்பினர்களின் கட்சி அதே முடிவை எழுத்தில் எடுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

உண்மையான சோதனை மக்களவைக்குள் நடப்பது. அங்கேயும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பொதுவாகச் சபாநாயகர் குரல் வாக்கெடுப்பு நடத்தி முடிவு அறிவிப்பார். தலை எண்ணும் வாக்கெடுப்பு வேண்டுமென்றால் 15 உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும். 2020 நவம்பரில் முகைதீன் அரசின் வரவு செலவுத் திட்டம் கொள்கை அளவில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிர்க்கட்சியில் 13 பேர்தான் எழுந்தார்கள். அதனால் தலை எண்ணாமலே நிறைவேறியது. அடுத்த மாதம் இறுதி வாசிப்பில் எண்ணிப் பார்த்தபோது 111க்கு 108. இவ்வளவு மெல்லிய வேறுபாட்டில் நின்ற அரசாங்கத்தை முதல் முறையே சோதிக்கும் வாய்ப்பை, இரண்டு பேர் எழாததால் இழந்தார்கள். 2022 டிசம்பர் 19ஆம் தேதி அன்வார் மீதான நம்பிக்கைத் தீர்மானமும் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறியது.

கட்சித் தாவல் தடைச் சட்டத்தைத்தான் நம்மில் பலர் தவறாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். 2018 மே 9ஆம் தேதி தேர்ந்தெடுத்த ஒரே நாடாளுமன்றத்தில் மகாதீர், முகைதீன், இஸ்மாயில் சப்ரி என்று மூன்று பிரதமர்கள். நடுவில் ஒரு வாக்குச்சீட்டுகூட நம் கைக்கு வரவில்லை. அந்தக் கசப்பின் விளைவாக 2022 ஜூலை 28ஆம் தேதி 209 வாக்குகளில் அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறி, அக்டோபர் 5ஆம் தேதி நடப்புக்கு வந்தது. புதிய 49ஏ விதிப்படி, கட்சி வேட்பாளராக வென்றவர் கட்சியை விட்டு விலகினாலோ உறுப்பினர் தகுதியை இழந்தாலோ தொகுதி காலியாகும். சுயேச்சையாக வென்றவர் கட்சியில் சேர்ந்தாலும் அப்படியே. கட்சி அவரை நீக்கினால் காலியாகாது. கட்சியின் பதிவு ரத்தானாலும் காலியாகாது. முன்பு பதவி விலகியவர் ஐந்து ஆண்டுகள் போட்டியிட முடியாது. அந்தத் தடையும் எடுக்கப்பட்டதால் தாவியவர் இடைத்தேர்தலில் மறுபடி நிற்கலாம்.

இந்தச் சட்டம் உறுப்பினரைக் கட்சியோடு கட்டுகிறது. கட்சியை எதோடும் கட்டவில்லை. முழுக் கட்சியே ஓர் அணியிலிருந்து இன்னோர் அணிக்குப் போனால் ஒரு தொகுதியும் காலியாகாது. கட்சிக்குள் இருந்துகொண்டே எதிரணிப் பிரதமரை ஆதரித்தாலும் சட்டம் நேரடியாகத் தொடாது. 2023இன் கடைசி மாதங்களில் முகைதீனின் பெர்சத்து கட்சியைச் சேர்ந்த ஆறு உறுப்பினர்கள் செய்தது அதைத்தான். கட்சி தன் சட்டவிதியைத் திருத்தி, அவர்கள் உறுப்பியத்தை இழந்துவிட்டார்கள் என்று அறிவித்தது. மக்களவைச் சபாநாயகர் ஜொஹாரி அப்துல் 2024 ஜூலையில் தொகுதிகள் காலியாகவில்லை என்று முடிவு சொன்னார். அந்த அறுவரில் குவா மூசாங் உறுப்பினர், கிளந்தானில் நெங்கிரி சட்டமன்றத் தொகுதியையும் வைத்திருந்தார். கிளந்தான் சட்டமன்றச் சபாநாயகர் அந்தத் தொகுதி காலி என்று அறிவித்தார். ஆகஸ்ட் 17ஆம் தேதி இடைத்தேர்தலும் நடந்தது. ஒரே மனிதர், ஒரே செயல், இரண்டு அவைகளில் இரண்டு முடிவு. சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்பேன்: காலியா இல்லையா என்று முதலில் சொல்லும் அதிகாரம் சபாநாயகரிடம் இருக்கிறது, அவரைத் தேர்ந்தெடுப்பதோ அவையின் பெரும்பான்மை.

பினாங்குக்காரர்கள் பெருமைப்படலாம். 1992இல் கிளந்தானின் தாவல் தடை விதி, சங்கம் சேரும் உரிமைக்கு முரண் என்று நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் செல்லாமல் போனது. அது தெரிந்தும் பினாங்கு 2012இல் தன் மாநிலச் சட்டத்தில் தடை கொண்டுவந்தது. 2022இல் கூட்டரசு நீதிமன்றம் (அந்த உச்ச நீதிமன்றத்தின் இன்றைய பெயர்) அது செல்லும் என்றது. 2023 மார்ச்சில் நான்கு சட்டமன்றத் தொகுதிகள் அதன்படி காலியாக அறிவிக்கப்பட்டன.

கட்சிகளை யார் கட்டுவது? தற்போதைக்கு ஒப்பந்தம்தான். 2022 டிசம்பர் 16ஆம் தேதி பக்காத்தான், பாரிசான், ஜி.பி.எஸ்., ஜி.ஆர்.எஸ்., வாரிசான் கையெழுத்திட்ட ஒப்பந்தம், நம்பிக்கைத் தீர்மானத்திலும் வரவு செலவுத் திட்டத்திலும் பிரதமருக்கு ஆதரவு தரக் கட்சிகளைக் கடமைப்படுத்துகிறது. அது அரசியலமைப்பு விதிக்குச் சமமானதன்று. 2023 செப்டம்பரில் மூடா ஆதரவை மீட்டுக்கொண்டபோது ஆட்சி கவிழவில்லை, ஏனென்றால் பெரிக்காத்தான் தவிர எல்லாரும் சேர்ந்து 148 பேர் ஏற்கெனவே அரசாங்கப் பக்கம் இருந்தார்கள். அது மூன்றில் இரண்டு பங்கு. மூடா போனதால் அந்தப் பங்கு மட்டும்தான் கைவிட்டுப் போனது. சரியாக 112இல் நின்றிருந்தால் அந்த ஒரு இடமே ஆட்சியை எடுத்திருக்கும். கூட்டணியில் தேவைக்கு மேல் கட்சிகளைச் சேர்ப்பது இதற்காகத்தான். ஆனால் ஒவ்வொரு கூடுதல் கட்சிக்கும் அமைச்சர் பதவி, துணையமைச்சர் பதவி என்று விலை கொடுக்க வேண்டும்.

நம் சமூகத்துக்கு இதில் என்ன? இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி நாட்டில் ஒன்றுகூட இல்லை. நம் வாக்கு எப்போதும் மற்றவர் வாக்கோடு சேர்ந்துதான் ஓர் இடமாகிறது. ஆகவே தொகுதிப் பங்கீடுதான் நமக்கு முதல் தேர்தல். 2023 மாநிலத் தேர்தல்களில் பாரிசானின் இந்தியர் கட்சியான ம.இ.கா.வும் சீனர் கட்சியான ம.சீ.ச.வும் ஓர் இடத்திலும் போட்டியிடவில்லை. அந்த ஆகஸ்ட் 12ஆம் தேதி பினாங்கின் 40 இடங்களில் பக்காத்தான் 27, பாரிசான் 2, பெரிக்காத்தான் 11. 2022இல் எதிரெதிரே நின்ற இரு அணிகள் அடுத்த பொதுத் தேர்தலில் ஒரே பக்கம் நின்றால், நடப்பு உறுப்பினர் இருக்கும் தொகுதியை யார் விட்டுக்கொடுப்பது?

இப்போதைய நாடாளுமன்றம் 2022 டிசம்பர் 19இல் முதலில் கூடியது. முன்கூட்டியே கலைக்காவிட்டால் 2027 டிசம்பர் 19இல் தானாகக் கலையும். அதிலிருந்து 60 நாள்களுக்குள் தேர்தல். வேட்பாளர் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: உங்கள் கட்சி தனியாக 112 சேர்க்காவிட்டால் யாரோடு சேரும், யாரோடு சேராது? நாடாளுமன்றத் தவணையின் நடுவே அணி மாற கட்சியில் யார் முடிவெடுப்பார்கள்?

பங்கீட்டை வேட்புமனு நாளுக்கு முன்பே முடிக்க வேண்டும். பாடாங் செராய் நல்ல உதாரணம். பக்காத்தானும் பாரிசானும் ஆட்சியில் கைகோத்த பிறகு நடந்த வாக்களிப்பு அது. பாரிசான் சார்பில் நின்ற ம.இ.கா. வேட்பாளர் பக்காத்தானுக்காக ஒதுங்குவதாக அறிவித்தார். ஆனால் வேட்புமனு ஏற்கப்பட்ட பிறகு விலக வழியில்லை. அவர் பெயரும் தராசுச் சின்னமும் வாக்குச்சீட்டில் அப்படியே இருந்தன. தொகுதி பெரிக்காத்தானுக்குப் போனது.